உன் கழுத்தில் நான் கட்டிய சங்கிலி

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் இங்கே நலம் என்று தொடங்க மனம் வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். கஸ்தூரி மாரிகுப்பத்தில் அவள் அப்பா வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும், பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் கல்யாணத்துக்குப் பார்த்த பூதிகோட்டைப் பெண் வீட்டாருக்குத் தை பிறப்பதற்குள் சம்மதம் சொல்லிவிடச் சொல்கிறாய். ஆறு வருஷம் பொறுத்தாகிவிட்டது, குறையுள்ளவளோடு இன்னும் எத்தனை நாள் என்று என்னையே கேட்கிறாய். கடைசியில், ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவன்போல, கல்யாணத்தில் நாம் போட்ட சங்கிலியை அவளிடமிருந்து வாங்கி வைக்கச் சொல்லி ஒரு வரி. மற்ற எதையும் நான் செய்யவில்லை. சங்கிலியை மட்டும் வாங்கி வந்துவிட்டேன். இதை எழுதும்போது அது எனக்கு எதிரே பெட்டிமேல் கிடக்கிறது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்.

குறையுள்ளவள் என்ற அந்தச் சொல்லை உன் வாயில் போட்டவள் நான். இனி எழுதப்போவதில் உடம்பின் சங்கதிகள் வரும். அம்மா மகனுக்கு எழுதுகிற சங்கதியா இது என்று நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். பிரசவ வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஆயா வேலை பார்த்தவள் நான். இந்த ஊரில் பாதிப் பேர் வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், எனக்கு இதில் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டிய இடம் வேறு, அது கீழே வரும்.

உனக்குப் பதினெட்டு நடக்கும்போது பொன்னுக்கு வீங்கி கண்டது. நினைவிருக்கும். இரண்டு கன்னமும் காதுக்குக் கீழே உப்பி, கஞ்சிகூட விழுங்க முடியாமல் கிடந்தாய். நம் பாலகாட் லைனில் அந்த மாதம் சுரங்கக்காரர் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் கிடந்தது. கழுத்தில் தங்கம் கட்டினால் வீக்கம் வடியும் என்று எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஊருக்கெல்லாம் தங்கம் தோண்டிக் கொடுக்கிற நம் லைன் வீடுகளில் தங்கம் எங்கே இருக்கிறது? என் அம்மா வீட்டில் எனக்குப் போட்ட ஒரே சங்கிலி, அதைக் கழற்றி உன் கழுத்தில் கட்டினேன். வேப்பிலை அரைத்துப் பூசினேன். ஐந்தாம் நாள் கன்னம் வடிந்தது. சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் உனக்கு மறுபடியும் காய்ச்சல் கொதித்தது. இந்த முறை வலி கீழே. என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அப்பாவிடம் சொன்னாய். அவர் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ரெண்டு பக்கமும் வீங்கிக்கினு கீது மே, கல்லு மாதிரி கீது" என்றார். ஷிப்ட் முடிந்து வந்த மண்கூட இன்னும் அவர் முகத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம் என்று நான் புடவையை மாற்றப் போனேன். அவர் என்னை நிறுத்தினார். "இட்டுக்கினு போனா சீட்டுல எழுதிடுவாங்க. அடுத்த மாசம் புள்ளைக்குச் சொரங்க வேலைக்கு மெடிக்கல். அங்க குந்திக்கினு இருக்கப்போறதும் இதே ஆஸ்பத்திரி டாக்டருதான். கோமணத்த அவுத்துப் பாப்பாங்க. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்கன்னா இவனுக்கு வேலையும் இல்ல, நமக்கு வூடும் இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் நெஞ்சில் அப்போதே கல்தூசி இறங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் நீ சுரங்கத்தில் சேர்ந்தால்தான் அந்த லைன் வீடு நம்முடையது. விதைப்பை வீக்கம், குடலிறக்கம் என்று எழுதித் திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள் பஜாரில் சும்மா திரிந்துகொண்டிருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? வடிந்துபோன உன் கழுத்தில் அந்தச் சங்கிலியை மறுபடியும் கட்டினேன். எட்டிப்பார்த்த அக்கம்பக்கத்தாரிடம், "இன்னும் வுடலமா இந்தப் பொன்னுக்கு வீங்கி" என்றேன். நீ நடக்க முடியாமல் கிடந்த பத்து நாளும் அந்தச் சங்கிலிதான் நம் வீட்டுக்கு மறைப்பு. வீங்காத கழுத்துக்கு எதற்குத் தங்கம் என்று நீ ஒருநாள் கேட்டாய். பேசாமல் படு என்று அதட்டினேன்.

மனம் கேட்காமல், வார்டில் இருந்த டாக்டரம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். மங்களூர்ப் பக்கத்துப் பெண், அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். என் பிள்ளை என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் என்றேன். "ரெண்டு பக்கமுமா? கூட்டிட்டு வா ஆயா, நான் பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன். சில பேருக்கு வீக்கம் போனப்புறம் அது சுருங்கிடும், கொழந்தை உண்டாகாது. எல்லாருக்கும் அப்டி ஆகாது, பயப்படாதே. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி கண்டிப்பா டெஸ்ட் பண்ணணும்" என்றார். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சில மாதம் கழித்து அவரே ஞாபகமாக, அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டார். அவங்க ஊரோட போயிட்டாங்கம்மா என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அந்த வியாதி செய்வதைத் தடுத்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாது என்றுதான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகையால் அது என் பெரிய தப்பு இல்லை. உன் அப்பா மட்டும் நீ எழுந்து நடமாடத் தொடங்கியபிறகு ஒருநாள் என்னிடம், "டாக்டரம்மா சொன்ன மாதிரியேதான் மே, ரெண்டும் சுண்டிப்போச்சு" என்றார். மெடிக்கலில் அன்று கூட்டம், நெஞ்சையும் கண்ணையும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். எந்த வேலைக்காக இதை மறைத்தோமோ அந்த வேலையில் நீ இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. கேஜில் குழிக்குள் இறங்கவே பயமாக இருக்கிறது என்று பெங்களூர் பாக்டரிக்கு ஓடினாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை.

உனக்கு யாரும் சொல்லித் தராததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆணுக்கு அந்தப் பையில் இருக்கிற இரண்டு விதையும்தான் பிள்ளைக்கான உயிரணுவை உண்டாக்குகிற இடம். உடம்புச் சூடு ஆகாது என்றுதான் ஆண்டவன் அதை வெளியே தொங்கவிட்டிருக்கிறான். பொன்னுக்கு வீங்கி கன்னத்தோடு நிற்காமல் சில வயசுப் பிள்ளைகளுக்கு அங்கே இறங்கும். உள்ளே இருக்கிற மெல்லிய சதை வீங்கி, விரிய இடமில்லாமல் நசுங்கிச் செத்துப்போகும். அதற்கப்புறமும் மீசை முளைக்கும், குரல் உடையும், ஆசை வரும், பெண்டாட்டியோடு படுக்கலாம், எல்லாம் நடக்கும். வெளியே வருகிற நீரிலும் வித்தியாசம் தெரியாது. அதில் உயிரணு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கேஜ் மேலும் கீழும் நன்றாக ஓடுகிறது என்பதால் மட்டும் அதில் தங்கக் கல் வருகிறது என்று ஆகிவிடாது. நான் ஆம்பிளை, எனக்கென்ன குறை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நீ ஆம்பிளைதான். அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஒரு கொய்யாப்பழ அளவுதான், தலைகீழாக இருக்கும். அதன் இரண்டு தோளிலிருந்தும் இரண்டு குழாய் போகும், குழாயின் நுனியருகே பக்கத்துக்கு ஒரு சினைப்பை. மாதம் ஒரு முட்டை வெளியே வந்து குழாய்க்குள் இறங்கும். அங்கே ஆணின் அணு வந்து சேர்ந்தால் பிள்ளை, சேராவிட்டால் இரண்டு வாரத்தில் தீட்டு. அவ்வளவுதான் கணக்கு. இதில் பாதி வேலை ஆணுடையது. வார்டில் மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களை நான் எத்தனை முறை அடக்கியிருக்கிறேன். "இன்னாமா, இவளையே புடிச்சிக்கினு கத்துற, உன் புள்ளைய இட்டாந்து காட்னியா?" என்று கேட்பேன். நர்சுகள் சிரிப்பார்கள். ஆயா பெரிய வக்கீல் என்று பேர் எனக்கு.

அந்த வக்கீல் தன் வீட்டில் என்ன செய்தாள் என்று இனி கேள். உனக்குக் கஸ்தூரியைப் பேசி முடித்தபோது உன் அப்பா சொன்னார், "பொண்ணு வூட்டுக்குச் சொல்லிடலாம் மே. இல்லாங்காட்டி அவன டெஸ்டுக்காவது அனுப்பு." அப்போது அவருக்கு நாலு வார்த்தை பேசினால் இருமல் வரும். நான்தான் அவர் வாயை அடைத்தேன். டாக்டரம்மா எல்லாருக்கும் ஆகாது என்றுதானே சொன்னார்கள், நம் பிள்ளைக்கு ஏன் ஆகவேண்டும், இதைச் சொன்னால் எந்தப் பெண் வரும் என்று சண்டை போட்டேன். அந்தச் சங்கிலியையே தேய்த்துப் பளபளப்பாக்கிக் கஸ்தூரி கழுத்தில் போட்டேன். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும் மிச்சம்.

நீ பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவாய். மற்ற நாளெல்லாம் அவள் என்னோடுதான். மாதா மாதம் அவள் துணி கொடியில் காய்வதைப் பார்த்தால் நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாய். அவள் அந்தத் துணியைப் பிறகு கொடியில் போடுவதையே விட்டுவிட்டாள், சமையலறை மூலையில் ஈரத்தோடு ஒளித்து உலர்த்தினாள். அதனால் அரிப்பும் புண்ணும் வந்து கஷ்டப்பட்டாள். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டு வருஷம் பார்த்துவிட்டு நான் அவளை வார்டுக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சர்க்கார் எழுதிவைத்திருந்த நேரம். பிள்ளை வேண்டாமென்று லூப் வைத்துக்கொள்ள வந்தவர்கள் உட்கார்ந்த அதே பெஞ்சில் இவளும் உட்கார்ந்தாள். டாக்டரம்மா கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார், குழாய்க்குள் காற்று செலுத்திப் பார்த்தார். வலியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. முடிந்ததும் டாக்டரம்மா என்னை வெளியே அழைத்து, "உன் மருமகளுக்கு ஒண்ணுமே இல்ல ஆயா. கர்ப்பப்பை நல்லா இருக்கு, குழாய் ரெண்டும் திறந்திருக்கு. பையனை அனுப்பு" என்றார்.

உள்ளே போனேன். கஸ்தூரி படுத்தபடியே, "இன்னா சொன்னாங்க அத்தை?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில்தான் என் பெரிய தப்பு. "கர்ப்பப்பை கொஞ்சம் சின்னதா கீதாம். மருந்து துன்னா சரியாயிடுமாம்" என்றேன். எப்படி அப்படி ஒரு பொய் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. யாரோ ஒருத்திக்கு உண்மையிலேயே சொன்னதை அங்கே கேட்டிருப்பேன். அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை உன்னிடமும் அதையே சொன்னேன். நீ பெருமூச்சு விட்டாய், அதில் உனக்கு ஒரு நிம்மதி இருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு பொய்யை நிற்கவைக்க மருந்து வேண்டுமே. ராபர்ட்சன்பேட்டை சந்தைக்கு வருகிற ஒரு மருந்துக்காரி, கர்ப்பப்பையை விரிக்க வேர்த் திரி வைப்பதாகச் சொன்னாள். சுத்தமில்லாத எதையும் உள்ளே வைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். கஸ்தூரி கெஞ்சினாள், "ஒரே ஒரு தபா வெச்சிப் பாக்கலாம் அத்தை" என்று. வேண்டாம், உனக்கு எதுவும் சின்னதில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லாமல் கூட்டிப்போனேன். நாலாம் நாள் குளிர்க்காய்ச்சல், அடிவயிற்றில் தொடமுடியாத வலி, நாற்றமடிக்கும் வெள்ளை. என் வார்டிலேயே பதினேழு நாள் கிடந்தாள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாய். டாக்டரம்மா என்னை எல்லார் முன்னாலும் திட்டினார். "நீயே இப்டி செய்யலாமா ஆயா? குழாய் ரெண்டுலயும் சீழ் கட்டிடுச்சு. ஆறினாலும் ஒட்டிக்கும். இனிமே இவளுக்குக் கஷ்டம்தான்." நான் சொன்ன பொய்யை நானே மெய்யாக்கிவிட்டேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதியது ஒரே வரி, இனி நம்பிக்கை இல்லையாம் என்று. அந்த வரியை வைத்துக்கொண்டுதான் நீ அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பினாய், இப்போது பூதிகோட்டையில் பெண் கேட்கிறாய்.

வியாழக்கிழமை மாரிகுப்பம் போனேன். சங்கிலி வாங்கத்தான் போனேன், உண்மை பேசப் போகவில்லை, அதையும் தெரிந்துகொள். அவள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டுவிட்டு வந்து உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "இதுக்குத்தான வந்தீங்க. எனக்கும் கார்டு போட்டாரு அத்தை" என்றாள். கார்டில் எழுதினாயாமே? தபால்காரர் படித்து, லைனே படித்தபிறகுதான் அது அவள் கைக்கு வந்திருக்கிறது. அப்புறம் அவள் சொன்னாள், "என்னால உங்களுக்குத்தான் ரொம்ப அலைச்சல். எத்தினி தபா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு ஓடுனீங்க. புதுசா வர்றவளாலயாவது உங்களுக்கு அந்தக் கஷ்டம் வராம இருக்கணும்."

அவள் திட்டியிருந்தால் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். நன்றி சொன்னாள் பார், அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுக்கு வீங்கி, மெடிக்கல், பக்கத்து வீட்டுப் பையன், எல்லாம். அவள் அப்பா வாசலில் இருமிக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். கஸ்தூரி உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அப்போ எனக்குச் சின்னது இல்லியா அத்தை?" என்றாள். "இல்லம்மா. ஆண்டவன் சரியாத்தான் குடுத்தான்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகம், இத்தனை வருஷத்தில் நான் மறந்தே போன முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் திரி கெடுத்த கதையையும் சொல்லவேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அவள் எழுந்தாள். தட்டிலிருந்த சங்கிலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள். "இது உங்க புள்ள நோவுக்குக் கட்னது. எங்கிட்ட இன்னாத்துக்கு? எடுத்துக்கினு போங்க" என்றாள். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷிப்ட் சங்கு ஊதும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் திறக்கவில்லை. அவள் அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று கஸ்தூரிக்கு, நான் வாயால் சொன்னதை நாளை யாரும் இல்லையென்று சொல்லிவிடாமல் இருக்க. மூன்றாவதை மடித்து வைத்திருக்கிறேன். பூதிகோட்டைக்கு நீ போனாய் என்று கேள்விப்பட்ட அன்று அது அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போகும். என்னை மிரட்டுகிறாயா என்று கேட்பாய், ஆமாம். இன்னொரு வீட்டுப் பெண்ணை அந்தப் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைக்க எனக்கு இனி உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

முதலில் பெங்களூரிலேயே ஒரு நல்ல டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள். வெட்கப்படாதே, ஒரு சின்னக் குப்பி, ஒரு மணி நேர வேலை. கஸ்தூரி பட்டதில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. என்ன வந்தாலும் ஏற்றுக்கொள். உனக்கு அணு இருக்கிறது என்றே வந்தால்கூட அவளைத் தள்ள உனக்கு நியாயம் கிடையாது, அவளைக் கெடுத்தது நம் வீடு. இல்லை என்று வந்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். உனக்குச் சொல்லாமல் மறைத்ததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் முதலில் என்னிடம் வராதே. சனிக்கிழமை ரயிலில், எப்போதும் இறங்குகிற ஸ்டேஷனில் இறங்காமல் கடைசிவரைக்கும் போய் மாரிகுப்பத்தில் இறங்கு. சங்கிலி இருந்தால் சமாதானம் பண்ணலாம் என்று கேட்டு ஆள் அனுப்பாதே, தரமாட்டேன். வெறுங்கையோடு போ. அவள் கதவைத் திறப்பாளா, உன்னோடு வருவாளா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் அது அவள் நியாயம். அவளிடம் நீ சொல்லவேண்டியது ஒன்றுதான், உனக்கு எதுவும் சின்னதாக இருந்ததில்லை என்று. நான் சொல்லிவிட்டேன். ஆனால் ஆறு வருஷத்தில் நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பியவள், இதை மட்டும் நம்பவேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? நீ போய்ச் சொல்.

உன்னைப் பெற்றவளும் அவளைக் கெடுத்தவளுமான,
அம்மா